வெளிநாடு போகுமுன் தொலைபேசி: பண்டாரவளையிலிருந்து புறப்படுவோருக்குச் சில குறிப்புகள்

பண்டாரவளை நகரத்தில் சிறியதொரு தொலைபேசிக் கடை வைத்திருக்கிறேன். ரீலோட், சிம், போட்டோக் கொப்பி, கடவுச்சீட்டுப் படம் எல்லாம் ஒரே மேசையில் நடக்கும். பூனாகலை, கொஸ்லந்தை, ஹப்புத்தளை, தெமோதரை, எல்ல என்று சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வெளிநாடு போகிறவர்கள் கடைசி வாரத்தில் இங்கே வருவார்கள். பெரும்பாலும் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள். கட்டார், டுபாய் போகும் இளைஞர்களும் உண்டு. எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “அண்ணே, அங்க எந்த சிம் நல்லது?”

எந்தக் கம்பனி என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நான் சொல்வேன். அந்த சிம் யாருடைய பெயரில் இருக்கப்போகிறது, ஊரில் இருக்கும் எண்ணை யார் உயிரோடு வைத்திருக்கப்போகிறார்கள், வீட்டார் எந்த வழியில் பேசப்போகிறார்கள் என்பவற்றுக்கு முதலில் விடை வேண்டும். இவற்றைத் தீர்க்காமல் மலிவான பெக்கேஜைத் தேடிப் பயனில்லை.

தொலைபேசி எண்தான் நமது முகவரி

தோட்டத்து லயத்தில் பல குடும்பங்களுக்கு இன்றைக்கும் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும், அங்கிருந்து கைமாறி லயத்துக்கு வந்து சேரும். சேராமலும் போகும். 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தலைமன்னாருக்கு ரயிலேறி இந்தியா போனவர்களுக்கும் இங்கே நின்றவர்களுக்கும் இடையில் இருந்த ஒரே பாலம் அந்தக் கடிதம்தான். அது அறுந்ததால் உடன்பிறந்தவர் கோத்தகிரியில் இருக்கிறாரா கூடலூரில் இருக்கிறாரா என்று தெரியாமலே போன குடும்பங்கள் இந்த மலைகளில் நிறைய உண்டு.

போர்க்காலத்தை வாழ்ந்தவர்களுக்கு வேறொன்றும் தெரியும். தொலைபேசி இல்லாத ஒவ்வொரு நாளும் ‘உயிரோடு இருக்கிறாரா’ என்ற கேள்வியோடுதான் விடிந்தது. சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்ட ஓர் இளைஞனுக்கு, கையிலிருக்கும் சிம் யார் பெயரில் இருக்கிறது என்பது சாதாரண விஷயமாக இருக்கவில்லை. ஆகவே தொலைபேசி எண் என்பது பேசுவதற்கு மட்டுமானதல்ல என்பதை இந்த வாசகர்களுக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை. இன்றைக்கு அது வங்கிக் கணக்கின் திறப்பு, அரசாங்கப் பதிவின் அடையாளம், பிரச்சினை வந்தால் சாட்சியும்கூட.

ஊர் எண்ணைக் கைவிடாதீர்கள்

போகிறவர்கள் பலர் ஊர் சிம்மைத் தம்பிக்கோ மகனுக்கோ கொடுத்துவிட்டுப் போகிறார்கள், அல்லது மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுப் போகிறார்கள். இரண்டும் ஆபத்து. நீண்ட காலம் ரீலோட் செய்யாத, பாவிக்காத பிரீபெய்ட் எண்ணைக் கம்பனி துண்டித்துவிடும். பின்னர் அதே எண் வேறொருவருக்கு விற்கப்படலாம்.

ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து குவைத் போன ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவர் அனுப்பும் சம்பளம் ஊர் வங்கிக் கணக்கொன்றில் விழுந்தது. பணம் வந்தாலும் எடுத்தாலும் குறுஞ்செய்தி வரும்படி தனது ஊர் எண்ணைக் கொடுத்திருந்தார். ஏரிஎம் காட் வீட்டில் இருந்தது. ஒன்பது மாதத்தில் எண் செத்துப்போனது. அதற்குப் பிறகு எவ்வளவு வந்தது, எவ்வளவு எடுக்கப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. வீட்டார் சொன்னதே கணக்கு. இரண்டு வருடம் கழித்து வந்து புத்தகத்தைப் பதிந்து பார்த்தபோது, கட்டுவதாக இருந்த அறைக்கான காசில் பாதிகூட இல்லை. வங்கி எண்ணை மாற்றிக் கொடுத்தது. போன காசை யாரால் மாற்றிக் கொடுக்க முடியும்?

எனவே புறப்படுமுன் செய்யவேண்டியவை:

முதலாவது, சிம் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். தோட்டங்களில் இது பெரிய பிரச்சினை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் நாங்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை பலருக்கு அடையாள அட்டையே எட்டாத பொருளாக இருந்தது. அதனால் ‘யாராவது ஒருவர் பெயரில்’ சிம் எடுப்பது இங்கே பழக்கமாகிவிட்டது. இப்போது அட்டை இருக்கிறதென்றால், அதை எடுத்துக்கொண்டு கம்பனியின் சேவை நிலையத்துக்குப் போய் எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை எவ்வளவு ரீலோட் செய்தால் எண் சாகாது என்று அதே கவுண்டரில் கேளுங்கள். இது கம்பனிக்குக் கம்பனி வேறுபடும், அடிக்கடி மாறும். வீட்டில் ஒருவரிடம் அந்தத் திகதிகளைக் கலண்டரில் குறித்துக் கொடுங்கள்.

மூன்றாவது, ரோமிங் வசதியைப் போகுமுன்பே இயங்கச் செய்துகொண்டு சிம்மைக் கையோடு கொண்டுபோங்கள். பொதுவாக ரோமிங்கில் குறுஞ்செய்தி பெறுவதற்குக் கட்டணம் இல்லை, அதையும் கவுண்டரில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வங்கியின் ஓடிபி வருவதற்கு அது போதும். ஆனால் போனில் ‘டேட்டா ரோமிங்’ கட்டாயம் மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால், இருக்கும் காசெல்லாம் ஒரே நாளில் போய்விடும். இதற்கெல்லாம் இரண்டு சிம் போடக்கூடிய போன் வேண்டும். புதுப் போன் வாங்குவதானால், கமராவைப் பார்ப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

நான்காவது, வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்புக் குறியீட்டைப் போட்டுவிடுங்கள். ஆறு இலக்கம்தான். எண் ஒருவேளை கைமாறினாலும் உங்கள் கணக்கை மற்றவர் இலகுவில் திறக்க முடியாது. அங்கே புது சிம் போட்டவுடன் வாட்ஸ்அப் எண்ணை மாற்றச் சொல்லிக் கேட்கும். மாற்றத் தேவையில்லை, ஊர் எண்ணிலேயே அது ஓடும்.

போகும் நாட்டில் யார் பெயரில் சிம்?

வளைகுடா நாடுகளில் அடையாள ஆவணம் இல்லாமல் சிம் கிடையாது. சவூதியில் 2016இலிருந்து கைரேகையும் கேட்கிறார்கள். இக்காமா எனப்படும் வதிவிட அட்டை கைக்கு வரச் சில வாரங்களாகலாம். அந்த இடைவெளியில் வீட்டு முதலாளி தன் பெயரில் ஒரு சிம் எடுத்துத் தருவார். நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் இக்காமா வந்த பிறகு உங்கள் பெயரில் ஒன்று எடுத்துத் தரும்படி கேளுங்கள்.

ஏனென்றால், அவர் பெயரில் உள்ள சிம்மை அவர் நினைத்த நேரம் நிறுத்தலாம். இன்னொரு காரணமும் உண்டு. சவூதியில் அப்ஷர் எனப்படும் அரசாங்கச் செயலியில் உங்கள் விபரங்களைப் பார்க்க வேண்டுமானால், பதிவுசெய்த கைத்தொலைபேசிக்குத்தான் குறியீடு வரும். வீட்டுப் பணியாளர் சம்பளத்தை வங்கி அல்லது மின்பணப்பை வழியாகக் கொடுக்கும் முறையும் அங்கே 2024 ஜூலையிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. சம்பளம் விழுந்த செய்தி முதலாளியின் கையிலுள்ள எண்ணுக்குப் போனால், அந்த முறையால் உங்களுக்கு என்ன பயன்?

உங்கள் பெயரில் உள்ள சிம்மை வேறொருவர் பாவிக்கக் கொடுக்கவும் வேண்டாம். அந்த எண்ணில் நடக்கும் குற்றத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்தான்.

பிரீபெய்டா, மாதக் கட்டணமா?

வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு என் பதில் எப்போதும் பிரீபெய்ட்தான். மாதக் கட்டண இணைப்பு மலிவாகத் தெரியலாம், கூடவே போனும் தருவதாகச் சொல்வார்கள். ஆனால் அது ஒரு கடன். சம்பளம் தாமதித்தால் பில் நிற்காது. வேலையிடம் சரியில்லாமல் தூதரகத்துக்குப் போய் நிற்கும் ஒருவருக்கு, கட்டாத தொலைபேசி பில் நாடு திரும்பும் வழியிலும் தடையாகலாம். குவைத் அரசாங்கம் 2023இல், வெளிநாட்டவர்கள் அரசாங்கத்துக்குக் கட்டவேண்டிய நிலுவைகளைத் தீர்த்த பின்னரே வெளியேறலாம் என்ற விதியைத் துறை துறையாக நடைமுறைப்படுத்தியது. ‘விட்டுவிட்டு வந்துவிடலாம்’ என்ற காலம் போய்விட்டது.

கம்பனிகளைப் பொறுத்தவரை சவூதியில் எஸ்டிசி, மொபைலி, ஸெய்ன் ஆகியவை பெரியவை. குவைத்தில் ஸெய்ன், ஊரிடூ, எஸ்டிசி. கட்டாரில் ஊரிடூ, வொடபோன். அமீரகத்தில் எதிசலாத், டூ. நகரத்தில் எதுவும் ஓடும். பாலைவனப் பக்கத்துப் பண்ணையில் வேலையென்றால், ஏற்கனவே அங்கே இருப்பவரின் போனில் எது வேலை செய்கிறது என்று பார்த்து அதையே எடுங்கள்.

எந்த நாட்டில் எந்த வழியில் பேசலாம்?

இது தெரியாமல் போகிறவர்கள்தான் முதல் வாரத்தில் அதிகம் அழுகிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரல்பதிவு அனுப்பலாம், படம் அனுப்பலாம். ஆனால் அழைப்பு எடுக்க முடியாது. அங்கே போட்டிம் போன்ற அனுமதிபெற்ற செயலிகளில்தான் பேசவேண்டும். அதை ஊரிலிருப்பவரின் போனிலும் போகுமுன்பே ஏற்றிவைக்க வேண்டும். தடையை மீற விபிஎன் போட்டுத் தருவதாக நண்பர்கள் சொல்வார்கள். குற்றச் செயலுக்கு விபிஎன் பாவிப்பவருக்கு அமீரகச் சட்டத்தில் 5 இலட்சம் திர்ஹமிலிருந்து தண்டப்பணம் தொடங்குகிறது. ஒரு கோலுக்காக அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகவேண்டாம்.

சவூதி 2017 செப்டம்பரில் இணைய அழைப்புகளுக்கான தடையை நீக்கியது. ஆனாலும் எல்லாச் செயலிகளும் எல்லா நேரமும் ஒரேமாதிரி ஓடுவதில்லை. ஆகவே ஒரு செயலியை மட்டும் நம்பாமல் வாட்ஸ்அப், இமோ என்று இரண்டையாவது இரண்டு பக்கமும் வைத்திருங்கள். இரண்டும் ஓடாத நாளில் எடுப்பதற்கு, நேரடிச் சர்வதேச அழைப்புக்கான சிறு தொகையைப் பிரீபெய்ட் கணக்கில் எப்போதும் மீதம் வைத்திருங்கள்.

எல்லா எண்களையும் +94 போட்டுச் சேமியுங்கள். முன்னால் உள்ள பூச்சியத்தை எடுத்துவிட வேண்டும். பண்டாரவளை நிலையான தொலைபேசி என்றால் +94 57, பதுளை என்றால் +94 55. இங்கிருந்து அங்கே எடுக்க சவூதி 966, குவைத் 965, அமீரகம் 971, கட்டார் 974, ஓமான் 968. தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரு தடவை மட்டும் அடித்து நின்றால் திருப்பி எடுக்கவேண்டாம். காசு பறிக்கும் வழி அது.

எவ்வளவு டேட்டா வேண்டும்?

‘அன்லிமிடெட்’ என்ற சொல்லைப் பார்த்து வாங்குவதைவிட ஒரு சின்னக் கணக்குப் போடலாம். இணையக் குரல் அழைப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை எம்பி எடுக்கும். வீடியோ அழைப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 எம்பி. தினமும் அரை மணித்தியாலம் குரலில் மட்டும் பேசினால் மாதம் 450 எம்பி போதும். அதே அரை மணித்தியாலம் வீடியோ என்றால் 4.5 ஜிபி. வாரத்தில் ஒரு நாள் பிள்ளையின் முகத்தைப் பார்த்து வீடியோவிலும் மற்ற நாட்களில் குரலிலும் பேசினால் ஒன்று, ஒன்றரை ஜிபிக்குள் அடங்கும். டேட்டாவைத் தின்பது வீட்டுப் பேச்சல்ல, அதற்குப் பிறகு பார்க்கும் யூடியூப்பும் டிக்டொக்கும்தான்.

பலர் மறப்பது ஒன்றுண்டு. டேட்டா இரண்டு பக்கமும் செலவாகும். அங்கே 10 ஜிபி வாங்கிவிட்டு இங்கே அம்மாவின் போனில் ஒன்றும் இல்லையென்றால் பேச்சில்லை.

தோட்டத்துப் பக்கத்தைத் தயார் செய்தல்

நகரத்தில் நன்றாக ஓடும் சிம், மலைக்குப் பின்னால் இருக்கும் லயத்தில் செத்துக் கிடக்கும். வீட்டுக்கான சிம்மைக் கடையில் தெரிவு செய்யாதீர்கள், லயத்து வாசலில் தெரிவு செய்யுங்கள். 2018இல் எதிசலாத் ஹட்ச்சோடும் 2024இல் எயார்டெல் டயலொக்கோடும் இணைந்த பின் இப்போது இருப்பது டயலொக், எஸ்எல்டி-மொபிட்டல், ஹட்ச் என்ற மூன்றும்தான். பக்கத்து வீடுகளில் மூன்றும் இருக்கும். ஒவ்வொன்றையும் வாங்கி, நீங்கள் பேசப்போகும் அதே இடத்தில், அதே இரவு நேரத்தில் ஒரு வீடியோ அழைப்பு எடுத்துப் பாருங்கள். மழை நாளில் பார்த்தால் இன்னும் நல்லது.

நேரத்தையும் யோசியுங்கள். சவூதி, குவைத், கட்டார் எங்களைவிட 2 மணித்தியாலம் 30 நிமிடம் பின்னால். அமீரகம், ஓமான் 1 மணித்தியாலம் 30 நிமிடம் பின்னால். சவூதியில் வீட்டு வேலை முடிந்து இரவு 11 மணிக்குப் போனைக் கையில் எடுத்தால், இங்கே அதிகாலை 1.30. இந்தக் குடும்பங்களுக்கு மற்றவர்கள் வேண்டாமென்று விடும் ‘இரவு டேட்டா’ பெக்கேஜ்தான் பொருத்தம், விலையும் குறைவு. ஆனால் காலையில் பிரட்டுக்குப் போய்க் கொழுந்து பறிக்கவேண்டிய அம்மாவைத் தினமும் ஒன்றரை மணிக்கு எழுப்ப முடியாது. தினமும் குரல்பதிவு, வாரத்துக்கு ஒருமுறை நேரடிப் பேச்சு என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒரு நிமிடக் குரல்பதிவு மிகக் குறைந்த டேட்டாவில் போகும். பிள்ளைக்கு வேண்டுமென்றால் பத்துத் தடவை போட்டுக் கேட்கலாம்.

போன் பறிக்கப்பட்டால்

இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவதில் அர்த்தமில்லை. சில வீடுகளில் போனை வாங்கி வைத்துவிட்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் தருவார்கள். சிலர் தருவதே இல்லை. அதனால்:

வீட்டு எண் ஒன்றையும், வேறு நம்பிக்கையான எண் ஒன்றையும் மனப்பாடம் செய்யுங்கள். போனில் மட்டும் இருக்கும் எண், போன் போனால் இல்லை. அதே எண்களையும் தூதரக எண்ணையும் ஒரு துணித்துண்டில் எழுதிப் பையின் உள் மடிப்பில் தைத்துக்கொண்டு போகும் பெண்களை எனக்குத் தெரியும். நல்ல வேலை அது.

கடவுச்சீட்டு, விசா, வேலை ஒப்பந்தம், முதலாளியின் பெயர், முகவரி, முகவர் நிலையத்தின் விபரம் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டாரின் போனுக்கு அனுப்பிவிட்டுப் போங்கள். உங்கள் போனில் மட்டும் வைத்திருக்காதீர்கள். போய்ச் சேர்ந்த வீட்டின் இருப்பிடத்தை முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

சொல்லி வைத்த நாளில் செய்தி வரவில்லையென்றால் எத்தனை நாள் பொறுப்பது, பிறகு யாரிடம் போவது என்று வீட்டாரோடு முடிவு செய்யுங்கள். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் துரித எண் 1989. பதிவு செய்து போனவரின் பதிவு எண்ணும் கடவுச்சீட்டு எண்ணும் கையில் இருந்தால் முறைப்பாடு வேகமாக நகரும். பதிவு செய்யாமல் விசிட் விசாவில் போகவேண்டாம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேற்கு நாடுகளுக்குப் போவோருக்கு

கனடா, பிரித்தானியா, பிரான்ஸ் என்று போகிறவர்களுக்குப் பிரச்சினை வேறு. அங்கே வாட்ஸ்அப்புக்குத் தடையில்லை. ஆனால் புதிதாக வந்தவருக்குக் கடன் வரலாறு இல்லாததால் மாதாந்த ஒப்பந்தம் எளிதில் கிடைக்காது. முதலில் பிரீபெய்ட் அல்லது சிம் மட்டும் தரும் திட்டம் எடுங்கள். பிரித்தானியாவில் 65075 என்ற எண்ணுக்கு பிஏசி என்று ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பினால், அதே எண்ணோடு வேறு கம்பனிக்கு மாறுவதற்கான குறியீடு வரும். கனடாவில் ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு மேல் பிணைக்க முடியாது. போனின் பூட்டை அவிழ்க்க 2017 டிசம்பரிலிருந்து கட்டணமும் வாங்க முடியாது. பிரான்ஸில் எடுத்த சிம்மை 2017 ஜூனிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் நியாயமான அளவுக்குள் கூடுதல் ரோமிங் கட்டணமின்றிப் பாவிக்கலாம். ஆனால் சுவிற்சர்லாந்தும் பிரித்தானியாவும் அதற்குள் இல்லை. எல்லைக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டுக்குப் போகும்போது கவனம்.

லெபாரா, லைக்கா மொபைல் என்ற பெயர்களைப் பலரும் கேட்டிருப்பீர்கள். இரண்டையும் தொடங்கியவர்கள் இலங்கைத் தமிழர்கள். சுரண்டும் போன் காட் வாங்கி, நிமிடங்களை எண்ணி ஊருக்குப் பேசிய ஒரு சமூகத்தின் தேவையிலிருந்து வளர்ந்த கம்பனிகள். நம்மவர் கம்பனி என்பதற்காக மட்டும் எடுக்கவேண்டாம். இலங்கைக்கான நிமிடக் கட்டணத்தையும், காட் காலாவதியாகும் நாளையும் மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

திரும்பி வரும்போது

புறப்படுமுன் அங்குள்ள சிம்மில் கட்டவேண்டியது ஏதாவது இருந்தால் தீர்த்து, உங்கள் பெயரிலிருந்து அதை நீக்குங்கள். அந்த நாட்டு வங்கிக் கணக்கில் காசு இருந்தால், சிம்மை மூடுவதற்கு முன் காசை அனுப்பி முடியுங்கள். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

தம்பிக்கு, மருமகனுக்கு என்று போன் வாங்கி வருவீர்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு 2025 ஜனவரியில், பதிவில்லாத ஐஎம்ஈஐ இலக்கம் கொண்ட புதுப் போன்கள் இலங்கை வலையமைப்பில் இயங்காது என்று அறிவித்தது. இங்கே போன் வாங்குவதானால், ஐஎம்ஈஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தை 1909க்கு அனுப்பிப் பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதானால், வாங்குமுன் ஆணைக்குழுவின் 1900 என்ற எண்ணுக்கு வீட்டாரை எடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். பல மாதச் சம்பளத்தில் வாங்கிய பெட்டி இங்கே வந்து வெறும் கமராவாகக் கிடக்கக்கூடாது.

கடைசியாக, வந்த முதல் வாரத்திலேயே வங்கிக்குப் போய்ப் புத்தகத்தைப் பதியுங்கள். கணக்கில் உள்ள தொலைபேசி எண் உங்களுடையதுதானா என்று அதிகாரியிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உழைத்தவர் நீங்கள். செய்தி உங்கள் போனுக்குத்தான் வரவேண்டும்.